சட்டத்துள் ஒரு நூற்சித்திரம்

தமிழர் இல்லங்கள் பலவற்றில், தலைவாசலைக் கடந்து உள்ளே நுழைவோரை, வீட்டுக்காரர் வாய் திறக்குமுன்னரே எதிர்ச்சுவரில் தொங்கும் "நல்வரவு" வரவேற்றுவிடும். கறுப்பு வெல்வெட்டிலோ வெள்ளைச் சாட்டினிலோ பொன்னிற நூலால் எழுத்துக்கள் தைக்கப்பட்டிருக்கும், இருமருங்கும் மயிலோ தாமரையோ காவல் நிற்கும், சுற்றிலும் றேந்தை, மேலே கண்ணாடி, அதற்கப்பால் மரச்சட்டம். அவ்வீட்டு மகள் தையல் வகுப்பில் கற்றுத் தேறினாள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றிதழ் வேண்டியதில்லை. குத்துவிளக்கும் பெட்டகமும் போல இச்சட்டமும் வீட்டின் சொத்துக்களில் ஒன்றாகவே எண்ணப்பட்டு வந்தது.

வன்னிப் பெருநிலப்பரப்பில் இத்தகைய பழைய சட்டங்களைக் காண்பது அரிது. காரணம் யாவரும் அறிந்ததே. 2008ஆம் ஆண்டிலும் 2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களிலும் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிலிருந்தும் வவுனியாவின் வடபாகத்திலிருந்தும் மக்கள் ஊர் ஊராகப் பெயர்ந்து சென்றபோது, உழவு இயந்திரத்திலும் துவிச்சக்கர வண்டியிலும் தலையிலும் சுமக்கக் கூடியவற்றையே எடுத்துச் சென்றனர். அவற்றிலும் பல வழியில் கைவிடப்பட்டன. கண்ணாடி போட்ட படத்தைக் கழற்றிச் செல்ல எவருக்கு மனம் வரும், எவருக்குக் கை ஒழியும்? செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்படும்வரை அங்கிருந்தோருக்கு ஆணி அடிக்கத்தக்க சுவரே கிடையாது.

பின்னர் வீடுகள் எழுந்தன. இந்திய அரசு 2010இல் அறிவித்த 50,000 வீடுகளில் பல வன்னியிலே கட்டப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 550 சதுர அடி. சுவர் பூசி, நிறம் தீட்டி முடித்தபின் பல வீடுகளில் அச்சுவர்கள் வெறுமையாகவே நின்றன. தொங்கவிடுவதற்குப் பழைய படம் ஒன்றாவது வேண்டுமே! அவ்வெறுமையை நிரப்புவதற்கு வன்னிப் பெண்கள் மீண்டும் தையற்பொறியின் முன் அமர்ந்தனர். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களைச் சார்ந்து நடக்கும் தையற் பயிற்சி நிலையங்களின் கைப்பணிக் கண்காட்சிக்குச் சென்று பார்ப்போர், சுவரோரம் வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கும் பூவேலைச் சட்டங்களின் முன்னேதான் நெடுநேரம் நின்றுவிடுவர்.

இன்று தைக்கப்படும் இச்சட்டங்களே, இன்னும் அறுபது ஆண்டுகள் சென்றபின், "எங்கள் அம்மம்மா தைத்தது" என்று பேரப்பிள்ளைகளால் காட்டப்பட வேண்டியவை. அத்துணைக் காலம் அவை தாங்குமா என்பதே கேள்வி. பசையால் மட்டையில் ஒட்டப்பட்டுக் கண்ணாடியோடு நெருக்கி அடைக்கப்பட்ட பூவேலை, மூன்று மாரிகாலம் கடப்பதற்குள் பழுப்புப் புள்ளி விழுந்து கெட்டுவிடுகின்றது. தையல் நன்றாக இருந்தும் சட்டமிடும் முறை பிழைத்தமையால் நேரும் இழப்பு இது. ஆகவே தையலைப் பற்றிச் சிறிதும், சட்டமிடுவதைப் பற்றிச் சற்று விரிவாகவும் இங்கே கூறப் புகுகின்றோம்.

ஊசி பொறியேறிய கதை

பூவேலையை இயந்திரத்தில் ஏற்றும் முயற்சி புதியதன்று. பிரான்சு நாட்டு மியூலூஸ் நகரத்து யோசுவே ஹைல்மன் என்பவர் 1828இல் பல ஊசிகள் ஒருங்கே இயங்கும் பூவேலைப் பொறியொன்றை அமைத்தார். சுவிற்சர்லாந்தின் ஈசாக் குறோப்லி 1863இல் வேறொரு பொறியை உருவாக்கினார். அதனை "ஷிப்லி" என்றனர். அவர்கள் பேச்சுமொழியில் சிறு படகு என்று பொருள். அடிநூலைத் தாங்கிச் செல்லும் உறுப்பு படகுபோல இருந்தமையால் இப்பெயர் வந்தது. நம் பாட்டிமாரின் பழைய தையற்பொறிகள் சிலவற்றைத் திறந்து பார்த்தால் அதேபோன்ற நீண்ட சிறு படகு உள்ளே முன்னும் பின்னும் ஓடுவதைக் காணலாம்.

சிங்கர் நிறுவனம் 1877இல் இலங்கையில் கால் வைத்தது. தவணை முறையில் பணம் செலுத்திப் பொறி வாங்கும் வசதி வந்தபின் சிற்றூர் வீடுகளிலும் தையற்பொறி இடம்பிடித்தது. வன்னியில் காலால் மிதிக்கும் பொறிக்கு இருக்கும் மதிப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. போர்க்காலத்தில் நீண்ட ஆண்டுகள் அங்கே தேசிய மின்தொகுதியின் மின்சாரம் கிடையாது. மிதிபொறிக்கு மின்சாரம் எதற்கு? இரு கைகளும் ஓய்ந்திருக்கும். கால் வேகத்தைக் கட்டுப்படுத்தும். பூவேலைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. கையால் சுழற்றும் பொறியில் ஒரு கை சக்கரத்திலேயே சிறைப்பட்டுவிடுவதால் அது இவ்வேலைக்கு உதவாது.

போருக்குப் பின் கிளிநொச்சியில் எம்.ஏ.எஸ். நிறுவனத்தின் "விடியல்", "வானவில்" என்னும் ஆடைத் தொழிற்சாலைகள் அமைந்தன. அத்தகைய ஆலைகளில் வேலை பார்த்த பெண்கள் பொறியை மிக வேகமாக ஓட்டப் பழகியவர்கள். பூவேலைக்கு அமரும்போது அவ்வேகத்தைச் சற்று மறக்கப் பழக வேண்டும், அவ்வளவே.

முதலில் சட்டம், பின்னர் தையல்

பலர் தமக்குப் பிடித்த பூவைத் தைத்து முடித்துவிட்டு, அதற்கேற்ற சட்டத்தைத் தேடிக் கடைகடையாக அலைவர். ஆயத்தச் சட்டங்களில் எதுவும் பொருந்தாமற் போகவே, தனியாகச் செய்விக்கும் செலவு தையலின் செலவை விஞ்சிவிடும். சட்டத்தைத் தெரிந்துகொண்டு அதற்குத் தைப்பதே சிக்கனம்.

கடைகளில் எளிதாகக் கிடைப்பவை 6க்கு 8, 8க்கு 10, 10க்கு 12 அங்குலச் சட்டங்கள். 8க்கு 10 என்றால் முழுதும் கண்ணுக்குத் தெரியும் என்று எண்ணலாகாது. சட்டத்தின் உட்பள்ளம் ஒவ்வொரு பக்கத்திலும் ஏறத்தாழக் கால் அங்குலத்தை மறைத்துவிடும். தெரிவது ஏழரைக்கு ஒன்பதரை. அதிலும் பூவேலை ஓரம்வரை சென்று முட்டினால் மூச்சு முட்டியதுபோலத் தோன்றும். எனவே பூவேலையை 5க்கு 7 அங்குலத்துள் அடக்கிக்கொள்வது அழகு. கணினிப் பூவேலைப் பொறி வைத்திருப்போருக்கு இது இன்னும் வசதி. வீட்டுப் பாவனைக்கான அப்பொறிகளின் வளையங்கள் பெரும்பாலும் 4க்கு 4, 5க்கு 7 என்னும் அளவுகளிலேயே வருகின்றன.

துணியை மட்டும் தாராளமாக வெட்டுங்கள். மட்டையைச் சுற்றிப் பின்னால் மடித்துக் கட்டுவதற்கு நாற்புறமும் 3 அங்குலம் வேண்டும். அதாவது 8க்கு 10 சட்டத்துக்கு 14க்கு 16 அங்குலத் துணி. இதில் மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர் பின்னர் வருந்துவர்.

பொறியைப் பூவேலைக்கு ஆயத்தப்படுத்துவதைத் தையல் வகுப்பில் கற்றோர் அறிவர். மாணவிகளுக்காகச் சுருங்கக் கூறுவோம். சாதாரணத் தையலில் துணியை நகர்த்துபவை தட்டின் அடியிலுள்ள பற்கள். பூவேலைக்கு அவற்றைத் தாழ்த்திவிட வேண்டும். தாழ்த்த இயலாத பழைய பொறியில் அவற்றின்மேல் ஒரு தகட்டை மூடிக்கொள்ளலாம். துணியை அழுத்தும் பாதத்தைக் கழற்றிவிடுவர். ஆயினும் பாதத்தைத் தாழ்த்தும் பிடியைக் கீழே இறக்க மறக்கலாகாது. இறக்காவிடில் மேல்நூலில் இறுக்கம் இராது. துணியின் அடியில் நூல் குருவிக்கூடு கட்டிவிடும். வளையத்தில் துணியைப் பொருத்துவது கைத்தையலுக்கு நேர் எதிர்: துணி வளையத்தின் அடியோடு ஒட்டிப் பொறியின் தட்டிற் படிய வேண்டும். மேல்நூலின் இறுக்கத்தைச் சிறிது தளர்த்தினால் அடிநூல் மேலே எட்டிப் பாராது. மெல்லிய துணியாயின், சட்டையின் கழுத்துப்பட்டிக்குள் வைக்கும் விறைப்புத் துணியை அடியில் வைத்துத் தைக்க வேண்டும். இல்லையேல் பூவைச் சுற்றித் துணி சுருங்கும். அச்சுருக்கத்தை எந்தச் சட்டமும் மறைக்காது. பாதம் இல்லாத ஊசியின் அருகே விரல் செல்கின்றது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

சிவப்பு, கருநீல நூல்களை முன்னரே சோதித்தல் நன்று. நனைத்த வெள்ளைத் துணியில் நூலை வைத்து அழுத்திப் பாருங்கள். சாயம் இறங்கினால் அந்நூலை வேறு வேலைக்கு ஒதுக்கிவிடுங்கள்.

பசையை விலக்குங்கள்

சட்டமிடும் வேலையில் முதற் பகைவன் பசை. கோதுமை மாப் பசையும் சோற்றுப் பசையும் இராமபாணப் பூச்சிக்கு விருந்து. கடையில் வாங்கும் பசைகள் பூச்சியை அழைக்காவிடினும் நாளடைவில் மஞ்சளாகித் துணியின் முன்புறம்வரை ஊறி வருபவை. ஒட்டிய துணியைப் பின்னர் கழற்றிக் கழுவவும் இயலாது. ஆதலால் துணியை மட்டையில் கட்ட வேண்டுமேயன்றி ஒட்டலாகாது.

கட்டும் முறை கடினமானதன்று. பொறுமை ஒன்றே வேண்டும். சட்டத்தின் உட்பள்ளத்தைவிட இரு வாக்கிலும் எட்டில் ஓர் அங்குலம் சிறிதாகத் தடித்த மட்டையை வெட்டுங்கள். துணியின் கனம் சேரும்போது அது சரியாக அமையும். மட்டையின்மேல் பழைய வெள்ளைப் பிளனல் துணியொன்றை விரியுங்கள். பூவேலையின் பின்புறத்து முடிச்சுகள் அதிற் புதைந்துகொள்ளும். முன்புறம் மேடு பள்ளமின்றித் தோன்றும். பூவேலையை ஒரு துவாய்மேல் முகம் கவிழ்த்து வைத்துப் பின்புறமாகவே அழுத்தித் தேயுங்கள். முகப்புறம் தேய்த்தால் நூலின் பளபளப்பும் எழுச்சியும் படுத்துவிடும். வெல்வெட்டுக்கு இதுவும் ஆகாது. கொதிநீரின் ஆவியிற் பிடித்தால் போதும்.

இனித் துணியின் ஒவ்வொரு பக்கத்து நடுவையும் மட்டையின் நடுவையும் ஒன்றுசேர்த்துக் குண்டூசியால் மட்டையின் விளிம்பிற் குத்துங்கள். நடுவிலிருந்து மூலையை நோக்கிச் செல்ல வேண்டும். மூலையிலிருந்து தொடங்குபவருக்கு நடுவிலே தொய்வு வந்தே தீரும். துணியின் இழை மட்டையின் விளிம்போடு நேராக ஓடுகின்றதா என்று ஒவ்வொரு ஊசிக்கும் பாருங்கள். பின்னர் மட்டையைக் கவிழ்த்து, தடித்த பருத்தி நூலால், இடப்புறத்து மடிப்பிலும் வலப்புறத்து மடிப்பிலும் மாறி மாறிக் குத்திக் கட்டிலுக்குக் கயிறு பின்னுவதுபோல இழுத்துக் கட்டுங்கள். நீளவாக்கில் முடித்தபின் அகலவாக்கில். நைலோன் நூல் வேண்டா. முடிச்சு வழுகும், நாள் செல்ல நீளும். மூலைகளில் துணியைச் சாய்வாக மடித்து இரண்டு தையல் போட்டபின் குண்டூசிகளைக் கழற்றிவிடலாம். நன்றாகக் கட்டப்பட்ட பூவேலையை விரலாற் சுண்டினால் சிறு பறைபோல ஒலிக்கும்.

இவ்வாறு கட்டியதை இருபது ஆண்டுகளின் பின்னும் நூலை வெட்டிக் கழற்றி, அலசி, மீண்டும் கட்டலாம். பசையால் ஒட்டியவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

கண்ணாடிக்கும் துணிக்கும் இடைவெளி

வன்னியில் மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழிவரை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருகின்றது. அக்காலத்தில் சுவரும் வியர்க்கும், கண்ணாடியும் வியர்க்கும். கண்ணாடியின் உட்புறத்தில் படியும் ஈரம் அதனோடு ஒட்டிக் கிடக்கும் துணிக்கே செல்லும், பூஞ்சணம் பிடிக்கும். முன்னர் கூறிய பழுப்புப் புள்ளிகளின் பிறப்பிடம் பெரும்பாலும் இதுவே. ஆதலால் கண்ணாடிக்கும் பூவேலைக்கும் இடையே காலங்குல வெளி வேண்டும்.

அதற்கு வழி, நடுவிலே சாளரம் வெட்டிய தடித்த மட்டையொன்றை இடையில் வைப்பதே. படச்சட்டக் கடைக்காரர் இதனை "மவுண்ட்" என்பர். ஒரு மட்டையின் கனம் போதாவிடில் அதன் அடியில், கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில், மெல்லிய மரச்சிலாகைகளை வைத்து உயர்த்திக்கொள்ளலாம். சாளரத்தின் கீழ்ப்புற ஓரம் மேற்புற ஓரத்தைவிடச் சிறிது அகலமாக இருத்தல் நன்று. சமமாக வெட்டினால் படம் கீழே வழுகி விழுவதுபோலக் கண்ணுக்குத் தோன்றும்.

இங்கே ஒரு தடை குறுக்கிடும். மலிவான பிளாஸ்டிக் சட்டங்களின் உட்பள்ளம் ஒரு புகைப்படத்துக்கும் கண்ணாடிக்குமே போதுமானது. பூவேலை, மவுண்ட், பின்பலகை எல்லாம் அதனுள் அடங்கா. நூல் வேலைப்பாட்டைக் கண்ணாடியின்றித் தொங்கவிடலாம் என்று மேல்நாட்டு நூல்கள் சில கூறும். சோழகக் காற்றுக் காலத்தில் செம்மண் ஒழுங்கையோரம் வாழ்பவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்! நம் நாட்டுக்குக் கண்ணாடி வேண்டும்; ஆகவே ஆழமான சட்டமும் வேண்டும்.

அதற்கு வெகுதூரம் செல்லத் தேவையில்லை. முதிரை மரத்துக்குப் பெயர்போனது வன்னி. கதவும் யன்னலும் செய்யும் தச்சுப்பட்டறையில் எஞ்சும் முதிரை, வேம்புத் துண்டுகள் ஓர் அங்குல அகலச் சட்டத்துக்குத் தாராளமாகப் போதும். உட்பள்ளத்தை முக்கால் அங்குல ஆழமாக வெட்டித் தரும்படி தச்சரிடம் முன்னரே சொல்லுங்கள். நன்றாகக் காய்ந்த மரமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்; பச்சை மரம் கோடையில் முறுகி மூலை பிரியும். முதிரையின் பொன்மஞ்சள் நிறத்துக்கு நிறப்பூச்சு எதற்கு? எண்ணெய் தேய்த்து மெருகிட்டால் போதும்.

சட்டத்தை மழைச் சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். யன்னலுக்கு நேர் எதிரிலும் வேண்டா; வெயில் பட்டால் நூலின் நிறம் வெளுக்கும். சட்டத்தின் பின்புறக் கீழ்மூலை இரண்டிலும் தக்கைத் துண்டு ஒவ்வொன்றை ஒட்டிவிட்டால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்றோட்டம் இருக்கும். கறையான் ஏறுவதும் எளிதாகக் கண்ணிற் படும். கண்ணாடியைத் துடைக்கும்போது தண்ணீரைத் துணியிலே தெளித்துத் துடைக்க வேண்டும். கண்ணாடியில் நேரே தெளித்தால் அது ஓரத்தால் உள்ளே இறங்கும்.

றேந்தையும் ஓலையும் சிப்பியும்

ஓர அலங்காரத்துக்கு வருவோம். நாம் "றேந்தை" என்று வழங்கும் சொல் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. அலுமாரியும் யன்னலும் மேசையும் வந்த வழியே அதுவும் வந்தது. தென்னிலங்கையில் காலி, வெலிகமப் பகுதிப் பெண்கள் தலையணைமேல் மரக்கட்டைகளை உருட்டி உருட்டிப் பின்னும் "பீரளு" றேந்தை அக்காலத் தொடர்ச்சியே. கடையில் கிடைக்கும் நைலோன் றேந்தைக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு, பிளாஸ்டிக் மாலைக்கும் மல்லிகை மாலைக்கும் உள்ளதே. கையில் ஒரு முழம் கிடைத்தாலும் அதனை நல்ல பூவேலைக்கென்று வைத்திருங்கள்.

எவ்வளவு றேந்தை வேண்டும்? சாளரத்தின் சுற்றளவை அளந்துகொள்ளுங்கள். 5க்கு 7 அங்குலச் சாளரத்தின் சுற்றளவு 24 அங்குலம். சுருக்கமின்றித் தட்டையாக வைப்பதாயின், மூலை மடிப்புகளுக்காக றேந்தை அகலத்தின் எட்டு மடங்கைக் கூட்ட வேண்டும். அரை அங்குல றேந்தைக்கு 4 அங்குலம். முனைகள் ஒன்றின்மேல் ஒன்று படிய இன்னும் ஓர் அங்குலம். ஆக 29. சுருக்கி வைப்பதாயின் சுற்றளவைப் போல ஒன்றரை மடங்கு தொடக்கம் இருமடங்குவரை, அதாவது 36 முதல் 48 அங்குலம். தொடக்கமும் முடிவும் கீழ்ப்புறத்து நடுவிலே சந்திக்கட்டும். மூலையிற் சந்தித்தால் அம்மூலை மட்டும் தடித்துப் பிரிந்து நிற்கும்.

றேந்தையைக் கண்ணாடிக்கு உள்ளே, மவுண்டின் ஓரத்தில் வைப்பதே எமது விருப்பம். வெளியே மரச்சட்டத்தில் ஒட்டினால் ஓராண்டுக்குள் அது மண்ணிறமாகிவிடும். நிறத்திலும் ஓர் அடக்கம் வேண்டும். பூவேலையில் மிகப் பளிச்சென்றிருக்கும் நிறத்தை ஓரத்துக்கு எடுக்காமல், அதற்கு அடுத்த நிறத்தை எடுங்கள். சிவந்த தாமரைக்கு இலையின் பச்சை. நீல மயிலுக்குத் தோகையின் மங்கிய பொன். கண்ணாடி மணி, சரிகை, சமிக்கி, றேந்தை நான்கையும் ஒரே சட்டத்தில் ஏற்றுபவர்களும் இருக்கிறார்கள். தேருக்குத் தொம்பை அழகுதான். எட்டங்குலச் சட்டத்துக்கு அது எங்ஙனம் பொருந்தும்?

சட்டத்தின் வெளிப்புறத்தில் ஏதேனும் வேண்டும் என்போருக்கு நம் மண்ணிலேயே பொருள் உண்டு. பனங்குருத்தோலையைக் காயவைத்து, மெல்லிய சிலாகைகளாக வகிர்ந்து, மூன்று அல்லது நான்கு இழையாகப் பின்னிய பட்டி முதிரைச் சட்டத்தோடு இயல்பாகப் பொருந்துகின்றது. தூசி படிந்தாலும் துடைத்துவிடலாம். சாயமிட விரும்பினால் பின்னுமுன் சாயநீரில் அவித்துக்கொள்ள வேண்டும். 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்தபின் ஓலைப் பின்னல் வேலையில் பயிற்சி பெற்றோர் வடபுலத்திற் பலர். அவர்களுள் ஒருவரிடம் அரைநாள் இருந்தாற் கைவரும். முல்லைத்தீவுக் கரையிற் பொறுக்கும் சிறு சிப்பிகளும் அழகியவை. ஆனால் நன்னீரில் மும்முறை ஊறவைத்துக் கழுவிக் காயவைத்த பின்னரே பயன்படுத்துங்கள். உப்பு எஞ்சியிருந்தால் காற்றின் ஈரத்தை இழுக்கும். அவ்வீரம் அருகிலுள்ள துணியைக் கெடுக்கும்.

சிறிய படம், பெரிய இடம்

இனிக் கூறப் போவது வன்னி வீடுகள் பலவற்றுக்கு மிக வேண்டியது. இடப்பெயர்வில் தொலைந்தவற்றுள் மீண்டும் வாங்க முடியாதவை குடும்பப் புகைப்படங்கள். இறந்துபோன தந்தையின், காணாமற்போன மகனின் உருவமாக எஞ்சியிருப்பது சில வீடுகளில் ஓர் அடையாள அட்டைப் படமே. உயரம் இரண்டு அங்குலமும் இராது. அதனைச் சுவரளவுக்குப் பெருப்பித்துத் தரும்படி புகைப்படக் கடையிற் கேட்கின்றார்கள். பெருக்கப் பெருக்க முகம் கலைந்து புகைபோல ஆகிவிடுகின்றது. கண் எங்கே, இதழ் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. பெற்ற தாய்க்கு அதுவும் ஒரு துயரம்.

படத்தைச் சிறிதாகவே வைத்துக்கொண்டு, அதைச் சுற்றியுள்ள இடத்தைப் பெரிதாக்குவது நல்ல வழி. மூன்று அங்குல உயரத்துக்குமேல் முகத்தைப் பெருப்பிக்க வேண்டா. சட்டம் 6க்கு 8 அங்குலம். மவுண்டில் இரண்டேகால் அங்குல அகலமும் மூன்று அங்குல உயரமும் உள்ள முட்டை வடிவச் சாளரத்தை வெட்டுங்கள். மேலே இரண்டேகால் அங்குலமும் கீழே இரண்டேமுக்கால் அங்குலமும் எஞ்சட்டும். மவுண்டை மூடத்தக்க துணியில் அச்சாளரத்தின் உருவைப் பென்சிலால் மெல்ல வரைந்து, அதற்கு வெளியே மட்டும் பூவேலை செய்ய வேண்டும். சாளரத்தை இப்போது வெட்டலாகாது. முழுத் துணியாக இருக்கும்போதே வளையத்தில் இறுகி நிற்கும். தைத்து முடிந்தபின் துணியை மவுண்டின்மேல் விரித்து, சாளரத்தின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிக் கதிர்போலக் கத்தரித்து, ஒவ்வொரு நாவையும் பின்னால் மடித்துச் சில தையல்களாற் பிடித்துவிடுங்கள். அரை அங்குல இடைவெளியிற் கத்தரித்தால் வளைவு சுருக்கமின்றி அமையும்.

நிறம் இங்கே தாழ்ந்த குரலிற் பேச வேண்டும். சந்தனநிறத் துணியில் வெள்ளை நூலால் முல்லைக்கொடி, அல்லது மங்கிய நீலத்தில் அல்லி போதும். முகத்தைவிடப் பூ முந்தி நின்றால் வேலை பிழைத்ததென்று கொள்ளுங்கள். கரையோரக் கத்தோலிக்க வீடுகளில் லீலிப்பூவும் சிலுவையும் தைக்கலாம். சைவ வீடுகளில் கண்ணாடிமேல் சந்தனமும் குங்குமமும் இடுவது வழக்கமாதலால், சாளரத்துக்கு நேர் மேலே பூவேலை இன்றி வெறுமையாக விடுவது நல்லது. விளக்கு ஏற்றும் தட்டைச் சட்டத்துக்கு ஓர் அடிக்கு அப்பால் வையுங்கள். புகையும் வெப்பமும் நூலுக்கும் படத்துக்கும் ஒருங்கே பகை.

அடையாள அட்டையின் மூலப் படத்தை மட்டும் எக்காரணத்தாலும் சட்டத்துள் அடைக்காதீர்கள். புகைப்படக் கடையிற் பிரதி எடுத்து அதனையே வையுங்கள். மூலப்படம் ஈரம் புகாத உறையில் அலுமாரியில் இருக்கட்டும். பிரதியும் கண்ணாடியைத் தொடலாகாது. ஈரத்தில் புகைப்படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிரித்தெடுக்கும்போது முகமே உரிந்துவிடும். மவுண்ட் இருப்பதால் அந்த அச்சம் இல்லை.

விற்பனைக்குத் தைப்போருக்கு

குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் பலர் இவ்வேலையைப் பிழைப்பாகவும் கொண்டுள்ளனர். அவர்களுக்கு ஒரு சொல்: நூல், துணி, மரம், கண்ணாடி ஆகியவற்றின் விலையைக் கூட்டுவதோடு கணக்கை முடித்துவிடாதீர்கள். பொறியின் முன் அமர்ந்த மணித்தியாலங்களையும் துண்டுக் காகிதத்திற் குறித்து வாருங்கள். கணினியில் அச்சிட்ட மலிவுப் படத்தோடு விலையிற் போட்டியிடுவது வீண்வேலை; கையால் ஓட்டிய தையலை நாடி வருபவர் வேறு.

ஆடி ஆவணியில் கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் ஊருக்கு வரும் உறவினர் ஆசையோடு பார்த்துவிட்டு, "கண்ணாடி உடைந்துவிடுமே" என்று வாங்காமற் செல்வதுண்டு. அவர்களுக்குச் சட்டமே வேண்டா. மட்டையிற் கட்டி, றேந்தை தைத்த மவுண்டையும் உடன் வைத்து, 8க்கு 10 அங்குலத்திலேயே கொடுங்கள். அவ்வளவுச் சட்டம் கனடாவில் எக்கடையிலும் கிடைக்கும். ஐரோப்பாவில் அது 20க்கு 25 சென்ரிமீற்றர். பயணப் பெட்டியில் சேலைகளுக்கு நடுவே அது பத்திரமாகப் போய்ச் சேரும். ஆழமான சட்டமாகப் பார்த்து வாங்கும்படி மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

சட்டத்தின் பின்பலகையை மூடுமுன் இன்னும் ஒரு சிறு வேலை உண்டு. ஒரு வெள்ளைத் துணித் துண்டில் தைத்தவர் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை எழுதிப் பூவேலையின் பின்புற மடிப்பில் இரண்டு தையலாற் பிடித்துவிடுங்கள். புகைப்படச் சட்டமாயின் படத்திலுள்ளவரின் பெயரும், அவர் பிறந்த ஆண்டும், உறவு முறையும் அதில் இருக்கட்டும். பேனா மை ஈரத்திற் கரைந்து பரவும். பென்சிலால் எழுதுங்கள், அல்லது பொறியிலேயே தைத்துவிடுங்கள்.